மெழுகுவத்திக்குக் கீழே

மார்ச் 3

வணக்கம்.

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் ஃபோன் எண்ணை மாற்றிவிட்டாய். முகவரியை உன் அம்மாவிடம் கேட்டு வாங்கினேன். முதல் தடவை, "அவகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்கள். இரண்டாம் தடவை, "கடுதாசிதானே, போடுங்க" என்றார்கள். ஆஸ்பத்திரித் தையலறையில் வேலை பார்க்கிறாய் என்றும் சொன்னார்கள். சந்தோஷம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். எந்த பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று முப்பத்தொரு வருஷம் டிப்போவில் உட்கார்ந்து எழுதியவள், என் காலை எங்கே வைக்கிறேன் என்று பார்க்கவில்லை. ஆறு வாரம் மாவுக்கட்டு. இப்போது பிரித்தாகிவிட்டது. விரல்கள்தான் மரக்கட்டை மாதிரி இருக்கின்றன. பயிற்சி சொல்லித் தரும் பெண், "சின்னச் சின்ன வேலையா எடுத்துக்குங்கம்மா. தைக்கத் தெரியுமா?" என்றாள். "பட்டன் தைப்பேன்" என்றேன். "அப்ப தைங்க" என்றாள். வீட்டில் அறுந்த பட்டன் மொத்தமே இரண்டு.

பரணில் நீ விட்டுப்போன துணி மூட்டை இருக்கிறது. ஒன்றரை வருஷமாக யாரும் தொடவில்லை. வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன். வேண்டாமென்றால் அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமா?

இந்த ஆறு வாரமும் கட்டடத்தில் பதினோரு வீட்டாரும் என்னைத் தாங்கினார்கள். நாலாம் மாடி டிரைவர்தான் அன்று என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர். கீழ்வீட்டு வயலின் டீச்சர் தினமும் மூன்று மாடி ஏறி வந்து தலை வாரிவிட்டார். எதிர்வீட்டுச் சண்டைக்கோழிகள் ஞாபகம் இருக்கிறதல்லவா? புருஷனும் பெண்டாட்டியும் பாதிச் சண்டையில் எழுந்து வந்து என் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, போய் மீதியைப் போட்டார்கள். இவர்களுக்கெல்லாம் என் கையால் ஏதாவது செய்து கொடுக்க வேண்டும். சாயங்காலம் ஏழுக்குக் கரண்ட் போனால் எட்டேகாலுக்குத்தான் வருகிறது. எல்லா வீட்டு மேஜையிலும் மெழுகு. நம் மேஜைக்கு நீ ஒரு விரிப்பு தைத்தாயே, மெழுகுவத்தித் தட்டுக்குக் கீழே வைக்க, ஒரு சாண் அகலத்தில், மெத்து மெத்தென்று. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கே ஆரம்பித்து எங்கே முடித்தாய் என்றே பிடிபடவில்லை. எப்படித் தைப்பது என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

என் மகனுக்கு இந்தக் கடிதம் பற்றித் தெரியாது. தெரிந்தாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

அத்தை


மார்ச் 12

வணக்கம்.

மூட்டை எனக்கு வேண்டாம். எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது தூக்கிப் போடுங்கள்.

மூன்று அடுக்கு. அடியில் கெட்டித் துணி, நடுவில் பழைய கம்பளித் துண்டு, மேலே ஒட்டுத்துணி. மேல் துணிகளை முதலில் ஒன்றோடொன்று இணைத்து, ஒரு சாண் சதுரமாக்கிக்கொள்ளுங்கள். தையலுக்குக் கால் அங்குலம் விடுங்கள். மூன்றையும் அடுக்கி, குண்டூசி குத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட்டுத் தையல் போடுங்கள். ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் பொங்கி நிற்கும். கடைசியில் சுற்றிலும் பட்டி வைத்து மடித்துத் தையுங்கள்.

கை சரியாகட்டும்.


ஏப்ரல் 20

வணக்கம்மா.

உன் கடிதம் ஒன்பது வரி. எண்ணிப் பார்த்தேன். ஆனாலும் ஒன்பது வரியில் ஒரு தொழிலையே சொல்லிவிட்டாய். டிப்போவில் எங்கள் மேலதிகாரி இரண்டு பக்கம் எழுதுவார். வண்டி வருமா வராதா என்பது மட்டும் அதில் இருக்காது.

முதல் விரிப்புக்கு நாலு மணி இருபது நிமிடம் ஆனது. சதுரமாக ஆரம்பித்தேன், முடித்தபோது ஐந்து மூலை. அதை நானே வைத்துக்கொண்டேன். இரண்டாவது பரவாயில்லை. ஐந்தாவதற்கு மேல் ஊசி கொஞ்சம் என் பேச்சைக் கேட்கத் தொடங்கியது. பன்னிரண்டாவது இரண்டு மணி ஐந்து நிமிடம். விரல் மடங்குகிறது இப்போது. பயிற்சிப் பெண், "என்ன மருந்து போட்டீங்க?" என்கிறாள்.

மூட்டையில் இருந்ததெல்லாம் நல்ல துணி. வெளிர் நீலமும் கோடு போட்டதும்தான் நிறைய. அவற்றைச் சுற்றிலும் வைத்தேன். அடியில் ஒரு பச்சைத் துணி கிடந்தது. வழவழவென்று, மீன்கொத்தி முதுகு மாதிரி மின்னியது. அதைக் கண்டதும் விட மனசில்லை. பதினொன்றிலும் நட்டநடுவில் ஒரு பச்சைச் சதுரம் வைத்தேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஜொலிக்கிறது.

நேற்று வீடு வீடாகப் போய்க் கொடுத்தேன். டிரைவர் விரிப்பைக் கையில் வாங்கி, "டைம் கீப்பரம்மா, இத மேஜைல போடவா, ஃபிரேம் போட்டு மாட்டவா?" என்றார். சண்டைக்கோழிகள் யார் பக்கத்து மேஜையில் வைப்பது என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள். வயலின் டீச்சருக்குப் பார்வை மங்கல் அல்லவா, விரலால் தையலைத் தடவிக்கொண்டே போய், ஓரத்தில் நான் தடுமாறிய இடத்தில் நிறுத்தி, "இங்க கை வலிச்சுதா?" என்று கேட்டார். அந்த இடத்தில்தான் வலித்தது.

உன்னிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது. பதில் போட வேண்டும் என்றில்லை.

அத்தை


ஏப்ரல் 25

அத்தைக்கு,

காலையில் ஃபோனில் கத்தியதற்கு மன்னிக்கவும். உங்கள் கடிதம் தபால் கட்டோடு பத்து மணிக்கு வந்தது. "பச்சைத் துணி" என்ற இடத்தைப் படித்ததும் ஆபீஸ் அறைக்கு ஓடி ஃபோனை எடுத்தேன். உங்கள் எண் மனப்பாடம். மறக்கப் பார்த்தும் போகவில்லை. "யாரு பேசறது?" என்று கேட்டீர்கள். நான் பாட்டுக்கு "அத்தை, பச்சைத் துணி, பச்சைத் துணி" என்று அலறினேன். பக்கத்தில் சம்பளப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

பதற்றத்தில் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை, அதனால் இங்கே தெளிவாக எழுதுகிறேன். அது மழைக்கோட்டுத் துணி. நைலான். சூடு பட்டால் எரிவதற்கு முன் உருகும். உருகினால் தோலில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். உரித்தால் தோலோடு வரும். ஒரு வீடு விடாமல் இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள். "அப்புறம் தர்றேன்" என்றால் விடாதீர்கள். யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

ஃபோனில் இனி வேண்டாம். குரலில் நான் நல்லவளில்லை. கடிதம் போடுங்கள்.


ஏப்ரல் 29

பெண்ணே,

உன் ஃபோனை வைத்ததும் செருப்புகூடப் போடாமல் இறங்கினேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது போல அவமானம் உலகத்தில் இல்லை. கொடுக்கப் போனபோது பதினோரு வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. வாங்கி முடிக்க நாற்பது நிமிடம். யாரும் உட்காரச் சொல்லும்படி நான் நிற்கவில்லை.

"ஏம்மா, நாங்க எதாவது தப்பா பேசிட்டமா?" என்றாள் இரண்டாம் மாடிப் பெண். சண்டைக்கோழிகளின் வீட்டில் அவர், "நான்தான் சொன்னேன்ல, நீ நன்றி சொன்ன விதம் சரியில்லன்னு" என்று மனைவியிடம் பாய்ந்தார். "உருகிற துணி, தெரியாம வெச்சிட்டேன்" என்று பத்து வாசலில் பத்துத் தடவை சொன்னேன்.

கடைசியாக வயலின் டீச்சர் வீடு. கதவைத் திறந்தவர் இடது கையைப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"மேட்ட குடுங்க டீச்சர்."

"எதுக்கு? நல்லாத்தானே இருக்கு."

"குடுங்க."

"துவைக்கப் போட்டிருக்கேன்."

"கைய காட்டுங்க."

காட்டினார். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கட்டு. நான் கொடுத்த மூன்றாம் நாளே நடந்திருக்கிறது. தகரக் கிண்ணத்தில் மெழுகுவத்தி அடிவரை எரிந்து, கிண்ணம் சூடேறி, பச்சைத் துணி இளகிவிட்டது. நாற்றம் வந்ததும் டீச்சர் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு விரிப்பைக் கையால் எடுத்திருக்கிறார். வயலினில் தந்தியை அழுத்துகிற விரல்கள் அவை. ஒன்பது பிள்ளைகளுக்குப் பாடம் நின்றுபோயிருக்கிறது.

"ஏன் சொல்லல டீச்சர்? மேல வந்து நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே?"

"உங்க முகத்துல அவ்ளோ சந்தோஷத்த நான் பாத்ததே இல்ல. அதுல எப்படிம்மா தண்ணி ஊத்தறது?"

நான் வீட்டுக்கு வந்து அந்தப் பதினொன்றையும் கத்தரிக்கோலால் வெட்டினேன். டீச்சருடையது வெட்ட வரவில்லை, கல்லாகியிருந்தது.

இப்போது கேட்கிறேன். நீ இருபது வருஷமாகத் துணியோடு இருக்கிறவள். மெழுகுவத்திக்குக் கீழே வைக்கத்தான் தைக்கிறேன் என்று தெளிவாக எழுதியிருந்தேன். மூட்டையில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். கால் அங்குலம் விடச் சொல்ல ஞாபகம் இருந்தது. இதைச் சொல்ல ஞாபகம் இல்லையா? ஒன்பது வரி எழுதியவளுக்குப் பத்தாவது வரிக்கு மை தீர்ந்துவிட்டதா?

அத்தை


மே 7

அத்தைக்கு,

ஞாபகம் இருந்தது.

"உங்களுக்கே தெரியும் என்று நினைத்தேன்" என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அது பொய். "பருத்தி மட்டும் எடுங்கள், பச்சையைத் தொடாதீர்கள்" என்று எழுதப் பேனா போய் நின்றது. 'அவங்களே பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்' என்று கவரை ஒட்டினேன். வழுக்குகிற துணி, ஊசி நிற்காது, கோணிக்கொண்டு போகும், நாலு பேர் பார்த்துச் சிரிப்பார்கள், அவ்வளவுதான் நினைத்தேன். நெருப்பை நினைக்கவில்லை. தீக்காயப் பிரிவுக்கு உறை தைத்துக் கொடுக்கிறவள் நெருப்பை நினைக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் நடந்தது. டீச்சருக்குத் தனியாக ஒரு கடிதம் உள்ளே வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை. நீங்கள் படித்துவிட்டு அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

என் தப்பைச் சொல்லிவிட்டேன். இனி உங்களுடையது.

அந்த வெளிர் நீலத்துணி, கோடு போட்ட துணி, நல்ல துணி என்று எழுதியிருந்தீர்களே. அவை எதில் மிஞ்சியவை என்று உங்களுக்குத் தெரியாதா? உங்கள் மகன் வேலைக்குப் போகிற ஊரில் வீடு பார்த்தாகிவிட்டது, எட்டு ஜன்னல் என்றார். எட்டு ஜன்னலுக்கும் திரை தைத்தேன். அவர் எழுதிக் கொடுத்த ஜன்னல் அளவுகளை, எனக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னது நீங்கள். "நாப்பத்திரண்டு, அறுபது. அடுத்தது முப்பத்தாறு, அறுபது." உங்கள் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அவர் தனியாகத்தான் போகப் போகிறார், என்னைக் கூட்டிக்கொண்டு போகும் எண்ணமே இல்லை என்று உங்களுக்கு மூன்று மாதத்துக்கு முன்பே தெரியும். அவரே கடைசி நாளில் சொன்னார், "அம்மாவுக்கு அப்பவே தெரியும்" என்று.

அவர் என்னை வேண்டாமென்றது ஒரு அடி. அது ஆறிவிட்டது, பெரும்பாலும். நான் மடித்துத் தைத்துக்கொண்டிருந்ததை நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, அதுதான் ஆறவில்லை. நாத்தனார் இல்லாத வீடு, மாமியார் தங்கமானவங்க என்று என் அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

எனக்கு இதற்குப் பதில் வேண்டும்.


ஜூன் 1

பெண்ணே,

மூன்று வாரம் தாமதம். வண்டியாக இருந்தால் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கும். "பழுது" என்று எழுதிவிடலாம்.

உன் கடிதத்தை டீச்சரிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, கடிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். பிறகு, "இந்தப் பொண்ணு சொல்லியிருக்க வேண்டாம். யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க. சொல்லிட்டா பாருங்க" என்றார். நான் வாசலுக்கு வந்த பிறகு கூப்பிட்டு, "எனக்கு வேற மேட் வேணும். ரெண்டு பேரும் சேந்து தச்சுத் தாங்க. தனித்தனியா தச்சா வாங்கமாட்டேன்" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இப்போது நீ கேட்டதற்கு.

அவன் என்னிடம் சொன்னபோது, "நானே அவகிட்ட சொல்லிக்கறேன்மா, நீ நடுவுல வராதே" என்றான். இன்றைக்குச் சொல்வான், நாளைக்குச் சொல்வான் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். இது ஒரு காரணம். வெளியே சொல்லக்கூடிய காரணம்.

இன்னொன்று உண்டு. அதை எழுதத்தான் மூன்று வாரம். அவன் எப்படியும் போகப் போகிறான். அவன் வாயைத் திறந்தால் நீயும் அன்றைக்கே போய்விடுவாய். நீ தைத்துக்கொண்டிருக்கும்வரை வீட்டில் மிஷின் சத்தம் இருந்தது. மத்தியானம் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு வைத்தேன். நான் அளவு படித்தால் நீ அடுத்த ஜன்னலைத் தைப்பாய், நிறுத்தினால் ஏன் என்று கேட்பாய். அதனால் படித்தேன். எட்டு ஜன்னல் என்பது எனக்குக் குறைவாகக்கூடத் தோன்றியது.

இது அன்பு இல்லை. அன்பாக இருந்தால் முதல் நாளே உன் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கி வைத்திருப்பேன். என் தனிமைக்கு உன்னை மூன்று மாதம் முட்டாளாக்கினேன். நீ பெட்டியோடு வாசலில் நின்றபோது நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்றும் உனக்குக் கோபம் இருக்கும். எழுந்திருந்தால் உன் காலில் விழுந்திருப்பேன். அதற்குத் தைரியம் வேண்டுமே.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டாய், சொன்னேன்.

அத்தை


ஜூன் 10

அத்தைக்கு,

மிஷினில் உட்கார்ந்துதான் படித்தேன். மேற்பார்வை அக்கா, "என்ன, வீட்ல ஏதாவதா?" என்று கேட்டாள். "பழைய விஷயம்" என்றேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். கை நகரவில்லை. கோபமாக இருக்கிறேன் என்று எழுதிப் பார்த்தேன். அதுவும் முன்பு மாதிரி வரவில்லை. இரண்டையும் விட்டுவிடுகிறேன். நீங்கள் இரண்டாவது காரணத்தை எழுதாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது.

டீச்சர் சொன்னதைச் செய்துவிடலாம். இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட படுக்கை விரிப்புகளின் துணி. அக்காவிடம் கேட்டு, கையெழுத்துப் போட்டுத்தான் எடுத்தேன். நூறு தடவைக்கு மேல் கொதிநீரில் வெந்த சுத்தப் பருத்தி, குழந்தைக்கே போர்த்தலாம். பதினோரு மேல்துணி நான் இணைத்துவிட்டேன். வெள்ளை மட்டும் வைத்தால் கட்டு போட்ட மாதிரி இருக்கிறது என்பதால், குழந்தைகள் பிரிவுத் திரையில் மிஞ்சிய மஞ்சளும் சிவப்பும் சேர்த்திருக்கிறேன், அதுவும் பருத்திதான். அடித்துணி, கம்பளி, ஓட்டுத் தையல், பட்டி எல்லாம் உங்கள் வேலை.

சந்தேகமிருந்தால் எந்தத் துணியிலும் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. சுருண்டு கறுப்பு மணியாக உருண்டால் தூக்கிப் போடுங்கள். எந்தத் துணியானாலும் மெழுகுவத்தியைத் தட்டில் வைத்துத்தான் விரிப்பின்மேல் வைக்க வேண்டும். அடிவரை எரிய விடக்கூடாது. இதை ஒவ்வொரு வீட்டிலும் வாயால் சொல்லுங்கள்.

டீச்சர் விரல் எப்படி இருக்கிறது? கொப்புளம் உடைந்ததா, தோல் எந்த நிறம், மடக்க முடிகிறதா என்று எழுதுங்கள். தீக்காயப் பிரிவு சிஸ்டரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

ஊசி

(நீங்கள்தான் வைத்த பேர். வேறு யாரும் இங்கே அப்படிக் கூப்பிடுவதில்லை.)


ஜூலை 18

ஊசிப் பெண்ணுக்கு,

பதினொன்றும் தைத்து முடித்தாயிற்று. தைப்பதற்கு முன் உன் துணியிலேயே நூல் உருவி எரித்துப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதே. இனி என் சொந்த நிழலைக்கூட எரித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன்.

உன் தையல் மில்லிமீட்டர் பிசகாமல் போகிறது. என் ஓட்டுத் தையல் அதன்மேல் குடித்துவிட்டு நடக்கிறது. டீச்சர் தடவிப் பார்த்து, "இது அவ, இது நீங்க" என்று இரண்டே விநாடியில் பிரித்துவிட்டார். விரல் மடங்குகிறது. நடுவில் நீ சிஸ்டரிடம் கேட்டு எழுதிய களிம்பு நன்றாகக் கேட்டது. ஆள்காட்டி விரல் நுனியில் மட்டும் உணர்ச்சி முழுசாகத் திரும்பவில்லை. போன வாரம் பாடம் ஆரம்பித்துவிட்டார். வேகமான இடங்களை இன்னும் வாசிப்பதில்லை. "வரும்" என்கிறார். வராமலும் போகலாம். அதை நீயும் நானும் தெரிந்துகொண்டுதான் இருக்க வேண்டும்.

எல்லா வீட்டிலும் இந்த முறை உட்கார்ந்து, தட்டு வைக்க வேண்டியதை விளக்கி, தேநீர் குடித்துவிட்டுத்தான் வந்தேன். மூன்று மணி ஐம்பது நிமிடம். டிரைவர், "இத எப்ப திருப்பி வாங்க வருவீங்க?" என்றார்.

இனி சொல்லப் போவது கஷ்டமான விஷயம். என் மகன் செப்டம்பரில் அந்த ஊரிலேயே கல்யாணம் செய்துகொள்கிறான். நேற்று சாயங்காலம் ஐந்தரைக்கு ஃபோனில் சொன்னான். "அவகிட்ட யாரும் சொல்ல வேணாம்" என்றான். "நான் சொல்லுவேன்" என்றேன். இதோ, காலை ஆறு மணிக்கு எழுதுகிறேன். நடுவில் பன்னிரண்டரை மணி நேரம் போய்விட்டது, அதற்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். ஆகஸ்ட் 3, சனிக்கிழமை, காலை 7.40 வண்டியில் உன் ஊருக்கு வரலாமா? 12.15க்கு வந்து சேரும் என்று போட்டிருக்கிறார்கள், நம்பாதே, 12.30. திரும்பும் வண்டி 4.10. உன் வீட்டுக்கு வரவில்லை. பஸ் நிலையத்திலேயே இருப்பேன். நீ வந்தால் பார்ப்போம். வராவிட்டால் ஒரு தேநீர் குடித்துவிட்டு ஊரில் வண்டிகள் எப்படி ஓடுகின்றன என்று வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். எனக்கு அது பொழுது போகாத இடமில்லை.

அத்தை


ஜூலை 24

அத்தை,

படித்தேன். படித்துவிட்டு அரை மணி நேரம் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊசியில் நூலே இல்லை என்பதை அக்கா வந்து சொன்னாள். வலித்தது. ஆனால் ஊரே அறிந்த பிறகு கடைசி ஆளாகத் தெரிந்துகொள்ளும் நிலை இந்த முறை எனக்கு இல்லை. அது வேறு மாதிரி வலி. தாங்க முடிகிறது.

பஸ் நிலையத்தில் உட்கார வேண்டாம். அங்கே பெஞ்சு உடைந்து கிடக்கிறது. ஆஸ்பத்திரி நிறுத்தம் என்று கண்டக்டரிடம் சொல்லி இறங்குங்கள். பின்வாசல், சலவைக்கூடத்துக்குப் பக்கத்துக் கதவு. சனிக்கிழமை எனக்கு இரண்டு மணிவரை வேலை. நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கமாட்டீர்கள் என்று தெரியும். நோயாளிகளின் சட்டைக்கு நாடா தைக்க நூற்று நாற்பது பாக்கி. அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இரண்டு மணிக்குப் பிறகு என் அறைக்குப் போய்ச் சாப்பிடலாம். நாலு பத்து வண்டிக்கு அவசரமாகக் கிளம்ப வேண்டியிருக்கும். அடுத்த வண்டி ஆறு இருபதுக்கு இருக்கிறது. பார்த்து வைத்தேன்.

ஊசி


ஆகஸ்ட் 5

பெண்ணே,

ஆறு இருபது வண்டி ஆறு முப்பத்தொன்றுக்குக் கிளம்பியது. ஓட்டுநரிடம் சொன்னேன். "நீங்க யாரும்மா?" என்றார். "ரிட்டயர்டு" என்றேன். பயந்துவிட்டார்.

ஐம்பத்திரண்டு நாடா தைத்தேன். நீ அதில் எட்டைப் பிரித்துவிட்டுத் திரும்பத் தைத்ததை நான் பார்க்கவில்லை என்று நினைக்காதே.

சாப்பிடும்போது நாம் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. எழுதியதைப் பேச வேண்டியதில்லை என்றுதான் எனக்கும் தோன்றியது. உன் அறை நன்றாக வெளிச்சமாக இருக்கிறது. நீ இளைத்திருக்கிறாய். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை, ஆனாலும் இளைத்துத்தான் இருக்கிறாய்.

ஒன்று கேட்க வேண்டும். நான் நாடா தைத்துக்கொண்டிருந்தபோது உன் மேற்பார்வை அக்கா என் பக்கம் கையைக் காட்டி உன்னிடம் ஏதோ கேட்டாள். நீ பதில் சொன்னாய். சுற்றிலும் மிஷின்கள் ஓடிய சத்தத்தில் எனக்குக் காதில் விழவில்லை. என்ன கேட்டாள்?

அத்தை


ஆகஸ்ட் 11

அத்தைக்கு,

எட்டு இல்லை, பதினொன்று பிரித்தேன்.

அக்கா கேட்டது இதுதான். "யாரு அவங்க? உங்கம்மாவா?"

"இல்லக்கா."

"மாமியாரா?"

"இப்ப இல்ல."

"அப்ப யாருதான்?"

மிஷினை நிறுத்தி யோசித்தேன். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி, ஊசியில் நூல் கோக்க ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றீர்கள்.

"எனக்கு வேண்டியவங்க" என்றேன்.

அவள் சரியென்று தலையாட்டிவிட்டு, அடுத்த கட்டுத் துணியை எடுக்கப் போனாள்.

ஊசி